வண்ணத்துப்பூச்சியின் பயணமும் கம்பனியின் கடமையும்

(தோட்டக் குடும்பங்களின் வடபகுதி யாத்திரையின்போது நயினாதீவு மடமொன்றில் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு சுருக்கத்துடன் தரப்படுகிறது.)



அம்மன் தரிசனம் ஆயிற்று. மடத்துச் சாப்பாடும் ஆயிற்று. படகுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. அதில் கொஞ்ச நேரத்தை எனக்குத் தாருங்கள். இந்த யாத்திரையில் சுற்றாடல் பற்றி ஒரு பேச்சு இருக்க வேண்டும் என்று நிதியத்தார் கேட்டிருந்தார்கள். மரம் நடுவோம், குப்பை போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்து விடலாம். அது உங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பாட்டு. அதனால் ஒரே ஒரு உயிரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். வண்ணத்துப்பூச்சி. அதிலும் ஊர் விட்டு ஊர் போகிற வண்ணத்துப்பூச்சி.

பின்வரிசையில் ஒரு அண்ணன் சிரிக்கிறார். "இதிலே நமக்கு என்ன இருக்கு?" என்கிறார். இருக்கு அண்ணே, கொஞ்சம் பொறுங்க. வேலையும் இருக்கு, பேரும் இருக்கு.

மஸ்கெலியா, நல்லதண்ணி, நோர்வூட் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிவனொளிபாதமலையைச் சிங்கள மக்கள் 'சமனல கந்த' என்றும் சொல்வார்கள். வண்ணத்துப்பூச்சி மலை என்று அர்த்தம். மார்கழிப் போயாவுக்குத் தொடங்கி வெசாக் வரைக்கும் யாத்திரை சீசன். அந்தச் சீசன் நடுவில், மாசி பங்குனி மாதங்களில், மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்சிகள் ஒரே திசையில் போகும். ஒன்றிரண்டு அல்ல, கூட்டம் கூட்டமாகப் போகும். கொழுந்தெடுக்கிற நேரம் கூடைக்குப் பக்கத்தாலும் தலைக்கு மேலாலும் போகும். அவையும் பாதம் கும்பிடப் போகின்றன, போய் அங்கேயே உயிரை விடுகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. சாமி பெயரைச் சொல்லியாவது அதை ஒருவரும் அடித்துக் கொல்லாமல் விட்டார்களே, அதுவே பெரிய காரியம்.

ஆனால் அது ஏன் போகிறது, எங்கேயிருந்து போகிறது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஹல்துமுல்லைப் பக்கம் தோட்டத்துரையாக இருந்த ஓர்மிஸ்டன் என்பவர் 1924இல் இலங்கை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அரசாங்கப் பூச்சியியல் நிபுணராக இருந்த கிறீன் குறிப்பு எழுதி வைத்தார். அக்கரையில், கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் சூரியனை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எவர்ஷெட் என்பவரும் பூச்சிகள் போகிற திசையைக் குறித்து வைத்தார். சூரியனைப் பார்க்கப் போனவர் பூச்சியையும் பார்த்திருக்கிறார்! இவர்களுடைய குறிப்புகளை எல்லாம் சேர்த்து வில்லியம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1927இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நடக்கும் வண்ணத்துப்பூச்சிப் பயணத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். துரைமாரின் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. "அந்தா போகுது பாருங்க துரை" என்று எத்தனை மலைகளில் நம் ஆட்கள் கை காட்டியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். அந்தப் பெயர்களை எழுத யாரும் இருக்கவில்லை.

இலங்கையில் ஏறக்குறைய 245 வகை வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. எல்லாம் பயணம் போவதில்லை. போகிற வகைகளில் முக்கியமானது அந்த எலுமிச்சை மஞ்சள் பூச்சி. வெள்ளைக்காரர் அதற்கு வைத்த பெயர் 'எமிக்ரண்ட்'. குடிபெயர்ந்து போகிறவர் என்று பொருள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மாரையும் அதே சொல்லைப் போட்டுத்தான் கணக்கெழுதினார்கள். இன்னொன்று கறுப்பு இறக்கையில் இளநீலக் கோடும் புள்ளியும் உள்ளது. தமிழ்நாட்டில் நீல வரியன் என்கிறார்கள். வெள்ளைப் புள்ளி வைத்த கபிலநிறப் பூச்சி ஒன்று; அதை ஆங்கிலத்தில் காகம் என்று சொல்வார்கள். மெல்லிய வெள்ளைப் பூச்சி ஒன்றும் லட்சக்கணக்கில் கிளம்பும்.

இனி இந்த நயினாதீவுக்கு வருகிறேன். இன்றைக்குச் சாப்பாட்டில் கொஞ்சம் கசப்பாக, தேங்காய்ப்பூப் போட்டு ஒரு வறை வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் பாதிப்பேர் ஓரமாக ஒதுக்கி வைத்தீர்கள், நான் பார்த்தேன். அது என்ன இலை என்று சமையலில் நின்ற ஆச்சியிடம் கேட்டேன். "உது குறிஞ்சா தம்பி. வேலியில படர்ந்து கிடக்குது. சீனி வருத்தத்துக்கு நல்லது" என்றார். அந்தக் குறிஞ்சாதான் நீல வரியனின் பிள்ளைச் சாப்பாடு. தாய்ப்பூச்சி தேடிப் பிடித்து அந்த இலையில் முட்டை வைக்கும். வெளியே வருகிற புழு அதைத்தான் தின்னும். பிறகு பச்சை நிறத்தில் பொன்பொட்டு வைத்தது மாதிரி ஒரு கூடு தொங்கும். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் பறக்கிற பூச்சி வந்துவிடும்.

இந்த விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள், மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வருகிறது. நாம் வண்ணத்துப்பூச்சி என்றால் பூவை நினைக்கிறோம். பூ அதற்குத் தேத்தண்ணிக் கடை மாதிரி. எந்தக் கடையிலும் குடிக்கும். ஆனால் அதன் வீடு இலை. அந்த இலை எதுவாகவும் இருக்க முடியாது. எலுமிச்சை மஞ்சள் பூச்சிக்குக் கொன்றை இலை வேண்டும். அதன் தம்பி முறையான இன்னொரு பூச்சிக்கு ஆவரசும் தகரையும் வேண்டும். காகப் பூச்சி அலரியிலும் ஆல் அரசு இனத்திலும் முட்டை வைக்கும். அந்த வெள்ளைப் பூச்சிக்கு வன்னிக் காட்டு வீரை மரத்தின் கொழுந்து. எருக்கலையில் வளர்கிற செம்மஞ்சள் பூச்சியை இன்று காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையிலேயே பார்த்திருப்பீர்கள். இதிலே பெரும்பாலானது வேலியோரம், கான்கரை, தரிசு நிலம், ஓடைக்கரை ஆகிய இடங்களில் தானாக முளைப்பது. நாம் 'பத்தை' என்போம். துரைமார் 'களை' என்பார்கள்.

வடக்கில் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு சரி. இந்தத் தீவுகளில் ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. அந்த மூன்று மாத மாரியில் எல்லாம் தளிர்க்கும், பூச்சி பெருகும். பிறகு வெயில் ஏற இலை முற்றும், காயும். அடுத்த தலைமுறைக்குச் சாப்பாடு இல்லை. எங்கே ஈரமும் தளிரும் உண்டோ அங்கே கிளம்ப வேண்டியதுதான். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். தென்மேற்கு மழை இறங்குவதற்கு முன்னால் மேற்குமலையில் இருந்து கிழக்கே சமவெளிக்கு வரும். ஐப்பசி கார்த்திகையில் மலைக்குத் திரும்பும். 'இடம்பெயர்வு' என்று நான் சொல்லவில்லை, பயணம் என்றே சொல்கிறேன். யுத்த காலத்தில் தீவுப்பகுதி மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு இங்கே நின்று அந்தச் சொல்லை லேசாகச் சொல்ல வாய் வரவில்லை.

இவ்வளவு சிறிய பூச்சி எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பீர்கள். 2013இல் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாக் கடற்கரையில் சில வண்ணத்துப்பூச்சிகள் கரையேறிக் களைத்துக் கிடந்தன. அந்த வகை அங்கே இருப்பதே இல்லை. ஆராய்ந்து பார்த்து 2024இல் சொன்னார்கள்: மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலாக, குறைந்தது 4,200 கிலோமீற்றர், காற்றோடு வந்திருக்கின்றன. அதே வகைப் பூச்சி நம் மலைநாட்டிலும் உண்டு. அதோ நெடுந்தீவுக்கு அப்பால் கச்சதீவு, கச்சதீவுக்கு அப்பால் இராமேஸ்வரம். சமுத்திரத்தையே தாண்டுகிறவனுக்கு இந்தக் கடல் ஒரு வாய்க்கால். நம் ஆட்கள் இதே கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் தண்ணீர் இல்லாமலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று உங்கள் வீடுகளிலும் கதை இருக்கும். வழியில் தங்க இடமும் தின்ன ஏதாவதும் இருந்தால்தான் பயணம் முடியும். ஆளுக்கும் அதுதான், பூச்சிக்கும் அதுதான்.

இப்போது கம்பனி எங்கே வருகிறது? காட்டை வனத்திணைக்களம் பார்க்கிறது. வீட்டு வேலியை வீட்டுக்காரர் பார்க்கிறார். நடுவில் கிடக்கிற பெரிய நிலங்கள், அவற்றின் ஓரங்கள், கான்கரைகள், மின்கம்பிக்குக் கீழே உள்ள வெளி, றோட்டோரம் — இதெல்லாம் கம்பனிகளின் கையில் அல்லது சபைகளின் கையில். மலைநாட்டில் 1992இல் இருந்து தோட்டங்களை நடத்துவது பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். ஒரு ஓடைக்கரைப் பத்தை இருக்குமா இல்லையா என்பதை ஒரு நாள் காலையில் பிரட்டில் கொடுக்கிற வேலை தீர்மானிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கம்பனி மனம் வைத்தால் மற்றவர்கள் பத்து வருடத்தில் செய்ய முடியாததை ஒரு வருடத்தில் செய்யலாம். கெடுப்பதும் அப்படியே.

வெளிநாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவில் மொனார்க் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. கனடாவில் இருந்து மெக்சிகோ மலைக்காட்டுக்குக் கிட்டத்தட்ட 4,000 கிலோமீற்றர் வரைக்கும் போகும். அதன் புழு தின்பது நம்ம எருக்கலைக்கும் குறிஞ்சாவுக்கும் சொந்தக்காரச் செடி, கிள்ளினால் பால் வரும். சோளம், சோயா வயல்களில் களைகொல்லி அடித்து அடித்து அந்தச் செடி அழிய, பூச்சியும் குறைந்து போனது. பிறகு 2020இல் மின்சாரக் கம்பனிகள், றெயில், றோட்டு நிறுவனங்கள் என்று 45க்கு மேற்பட்டவை அங்குள்ள வனசீவராசிகள் சேவையோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. மின்கம்பி போகிற பாதையிலும் றோட்டோரத்திலும் ஒரு பங்கு நிலத்தை ஒதுக்குவது, பூச்சி முட்டை வைத்து வளர்கிற காலத்தில் புல் வெட்டாமல் விடுவது, மருந்தைக் குறைப்பது என்பதுதான் சாரம். அவர்கள் புண்ணியத்துக்கு மட்டும் செய்யவில்லை. நாளைக்கு அந்தப் பூச்சி சட்டப்படி பாதுகாக்கப்பட்டால், முன்கூட்டியே செய்தவர்களுக்கு மேற்கொண்டு தொல்லை வராது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் அந்தச் சட்டப் பாதுகாப்பு முன்மொழிவும் வந்தது. எனக்கு அதில் குறை இல்லை. கம்பனி தன் லாபத்தைக் கணக்குப் பார்த்துச் செய்வதுதான் நிலைக்கும். ஆசைக்குச் செய்வது துரை மாறினால் மாறிவிடும்.

தாய்வானில் நம் காகப் பூச்சியின் இனம் ஒன்று பங்குனி சித்திரையில் பெரிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கிறது. வாகனத்தில் அடிபட்டுச் சாகிறது என்று கண்டு, 2007இல் இருந்து, நிமிடத்துக்கு 500க்கு மேல் கடக்கிறபோது ஒரு பக்கத்து ஒழுங்கையை மூடிவிடுகிறார்கள். பூச்சி உயரப் பறக்கட்டும் என்று ஓரத்தில் வலையும் கட்டினார்கள். லொறி நின்று பூச்சிக்கு வழி விடுகிற நாடும் இருக்கிறது.

நம் பக்கத்தில் என்ன? நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியசக்தியும் காற்றாலையும் கலந்த மின்திட்டம் ஒன்று. இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடை. 2024 மார்ச்சில் பெங்களூர் யூ-சோலார் கம்பனியோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரியத் தகட்டில் 1,700 கிலோவாற், காற்றில் 530 கிலோவாற். டீசல் எந்திரத்தை நம்பி இருக்கிற தீவு மக்களுக்கு இது நல்லது, நான் எதிர்க்க வரவில்லை. ஆனால் தகடு பதிக்க நிலம் துப்புரவாக்க வேண்டும், வேலி போட வேண்டும், நிழல் விழாமல் செடியை அடக்கி வைக்க வேண்டும். அங்கேதான் என் கதை வருகிறது. தகட்டுக்குக் கீழே வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுற்றுவேலியில் குறிஞ்சா படரட்டும். எல்லையில் ஆவரசும் எருக்கலையும் நிற்கட்டும். மருந்து அடிக்காமல் ஊர்ப்பெண்களுக்கு நாள்சம்பளம் கொடுத்து வெட்டுவியுங்கள். வெட்டுகிற மாதத்தைப் பாருங்கள்: ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும் ஓரத்தில் கை வைக்காமல், பங்குனி சித்திரையில் காய்ந்த பிறகு வெட்டினால் ஒரு தலைமுறைப் பூச்சி பறந்து போயிருக்கும். இதற்குக் கம்பனிக்கு ஆகிற செலவு ஒரு நாட்குறிப்பும் நாலு பேர் கூலியும்தான். மன்னாரில் காற்றாலை பற்றி எவ்வளவு வாக்குவாதம் நடந்தது என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பறவைகள் பற்றிப் பேசினார்கள், மழைத்தண்ணீர் ஓடாமல் நிற்பது பற்றிப் பேசினார்கள். கடைசியில் 2025 பெப்ரவரியில் அதானி கம்பனி விலகிக்கொண்டது. முதலிலேயே ஊராரோடு இருந்து பேசியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தேயிலை மலை.

போன வருடம் ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், இதே கதையைப் பேசினேன். மருந்தடிக்கிற கூட்டத்தில் உள்ள ஒரு அக்கா எழும்பிக் கேட்டார்: "ஐயா, மருந்தடிச்சா ஒரு நாள்ல முடியுற மலையைக் கையால புல்லு வெட்டினா மூணு நாள் ஆகும். மூணு பேர் குடுப்பாங்களா? அட்டை கடிக்கும், குளவி கொட்டும். பூச்சி பொழைக்கணும்னு நாங்க சாகணுமா?" கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைவிட நியாயமான கேள்வியை எந்தப் பெரிய மாநாட்டிலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் பதில் இதுதான். வண்ணத்துப்பூச்சியைக் காப்பது கம்பனியின் கொள்கை என்றால், அது செக்ரோலில் தெரிய வேண்டும். சுவரில் ஒட்டுகிற படத்தில் தெரிந்தால் போதாது. ஓடைக்கரையில் மருந்து வேண்டாம், கையால் வெட்டு என்று சொல்லும்போது, அந்த மலைக்குரிய அளவைக் குறைக்க வேண்டும். முன்பு முழுப் பேருக்கு வைத்த அளவையே வைத்துவிட்டு, முடிக்காத பெண்ணுக்கு அரைப் பேர் போட்டால், பூச்சிக்குச் சாப்பாடு போட்டது கம்பனி இல்லை, அந்தப் பெண். நான் துரைமாரிடமும் இதையேதான் சொல்லுகிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். சிலர் தேத்தண்ணி குடிக்கச் சொல்கிறார்கள்.

இதே இடத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மருந்தடிக்கிற தம்பிமாரைப் பாருங்கள். முதுகில் டாங்கி, கையில் உறை இல்லை, முகத்தில் ஒரு துண்டு. அடித்துவிட்டுப் பீலியில் கை கழுவுகிறார்கள். கீழே லயத்துப் பிள்ளை அந்தத் தண்ணியில் குளிக்கிறது. ஓடைக்கரையில் மருந்து படாத வரம்பு ஒன்றை விட்டால் பூச்சிக்கு இலை கிடைக்கும்; நம் பிள்ளைக்கு நல்ல தண்ணி கிடைக்கும். வண்ணத்துப்பூச்சி நம் பக்கத்துச் சாட்சி மாதிரி. அது இருக்கிற ஓடைக்கரையில் மருந்து அதிகம் விழவில்லை என்று நம்பலாம்.

சட்டம் போட்டு ஒரே இரவில் மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2015இல் கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தார்கள். புல் மண்டியது, கையால் வெட்ட ஆள் காணாது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகத் தடை. அந்த வருடம் முடிவதற்குள் திரும்ப விலக்கினார்கள். கொழுந்து குறைந்து சம்பளம் குறைந்த கஷ்டம் யாருக்கு வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் நான் கேட்பது முழுத்தடை அல்ல. ஓரங்களைக் கேட்கிறேன். ஓடைக்கரை, பெருங்கான், எல்லை, பாறைக்காடு, தேயிலை நட முடியாத சரிவு. இதிலே கம்பனிக்கு ஒரு கிலோ கொழுந்தும் கிடைப்பதில்லை. பிறகு ஏன் அங்கே மருந்தைக் கொட்ட வேண்டும்? பழக்கம், அவ்வளவுதான்.

ஒரு பெரியவர் காலையில் பஸ்சில் கேட்டார், "பத்தையை விட்டா புழு வந்து தேயிலையைத் தின்னாதா?" என்று. நல்ல கேள்வி. பயணம் போகிற இந்தப் பூச்சிகளின் புழு தேயிலையைத் தொடாது. குறிஞ்சாப் புழுவைக் கொண்டுவந்து தேயிலையில் விட்டால் பட்டினி கிடந்து செத்துவிடும். தேயிலையைச் சுருட்டித் தின்கிற புழு வேறு. அதன் கதையையும் கேளுங்கள். அந்தச் சுருட்டுப்புழு முன்பு பெரிய தொல்லையாக இருந்தது. 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவில் இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்பில் முட்டை வைத்து அதைக் கொன்றது. செலவில்லாமல் அடங்கிப் போனது. பிறகு 1950களின் பிற்பகுதியில், தண்டைத் துளைக்கிற வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். குளவி செத்தது, சுருட்டுப்புழு திரும்ப எழும்பியது. மருந்துக்கு எதிரி யார், நண்பன் யார் என்று தெரியாது. இந்தப் பாடத்தை எந்தத் தேயிலைத் துரையிடமும் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். அவர்களுடைய சொந்தச் சரித்திரம்.

கம்பனிகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கம்பனிகள் சேர்ந்து உயிரினங்களைக் காப்பதற்கென்று ஓர் அமைப்பையே 2012இல் இங்கே தொடங்கினார்கள். கஹவத்தை கம்பனியின் எந்தானைத் தோட்டத்தில் இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே மரம் வைத்து வழி உண்டாக்குகிற வேலை நடந்தது. பச்சைத் தவளை முத்திரை வாங்கிய தோட்டங்களில் ஓடைக்கரையில் மருந்து அடிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. உங்கள் தோட்டத்து ஸ்டோர் வாசலில் அந்தத் தவளை இருந்தால், அந்த விதி உங்களுடையதும்தான். அதைக் காட்டிக் கேட்கலாம். கேட்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை, வெளிநாட்டுக்காரன் அந்தத் தவளைக்காகத்தான் தேயிலையைக் கொஞ்சம் கூட்டி வாங்குகிறான்.

ஆனால் வேடிக்கையும் நடக்கிறது. ஒரு கம்பனியில் ஒபிஸ் வாசலில் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' திறந்தார்கள். நாடா வெட்டினார்கள், போட்டோ பிடித்தார்கள். நட்டது எல்லாம் வெளிநாட்டுப் பூச்செடி, ஒன்றில்கூட ஒரு புழு வளராது. அதே கிழமை கீழ்மலை ஓடைக்கரையில் மருந்து அடித்தார்கள். தேத்தண்ணிக் கடையைத் திறந்துவிட்டு வீட்டை இடித்தது மாதிரி. நாயுண்ணிப் பத்தையும் அப்படித்தான். பூவுக்குப் பூச்சி மொய்க்கும், அதைப் பார்த்து நல்ல செடி என்று நினைப்போம். அது மற்றச் செடிகளை எல்லாம் மூடிக் கொன்றுவிடும். அதை வெட்டுவதற்கு நானே கத்தி எடுத்துத் தருவேன்.

கிலுகிலுப்பைச் செடியை மட்டும் தயவுசெய்து பிடுங்காதீர்கள். காய்ந்த காயை ஆட்டினால் சத்தம் போடுமே, பிள்ளைகள் விளையாடுகிற செடி. நீல வரியனும் காகப் பூச்சியும் அதன் காய்ந்த தண்டில் நூற்றுக்கணக்கில் தொங்கிச் சாற்றை உறிஞ்சும். அந்தச் சாறு இருந்தால்தான் ஆண்பூச்சிக்குப் பெண்பூச்சியை அழைக்கிற வாசனை உண்டாகும். கலியாணச் செலவுக்குக் கடன் வாங்குகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே இருந்து குறிஞ்சாக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போக இரண்டு பேர் பை தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். இந்த மண்ணுச்செடி இங்கேயே இருக்கட்டும். நம் மலைக்கு நம் மலைச்செடி. ஒவ்வொரு தோட்டத்துக்கும் எது என்று வயதானவர்களைக் கேட்டு, பிள்ளைகளை வைத்துப் பார்த்து எழுத வேண்டும். எந்த இலையில் புழு கண்டோம், எந்த மாதம், எந்த மலை. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று போதும். மாசி பங்குனியில் பூச்சி எந்தத் திசையில் போனது என்பதையும் திகதி போட்டு எழுதுங்கள், கீழே எழுதியவர் பெயரையும் போடுங்கள்.

அந்தக் கொப்பியோடு அடுத்த கவ்வாத்துக்கு முன்னால் ஒவ்வொரு தோட்டத்திலும் நிர்வாகத்தோடு ஒரு கூட்டம் கேட்கப் போகிறோம். கடிதத்தை நான் எழுதுகிறேன். அதில் இருக்கப் போவது இவ்வளவுதான்: மருந்து படாத ஓரங்கள் எவை என்று தோட்டப் படத்தில் கோடு போட்டுத் தர வேண்டும். அந்த ஓரங்களைக் கையால் வெட்டுகிற நாளுக்கு அளவைக் குறைத்து முழுப் பேர் போட வேண்டும். மருந்தடிக்கிறவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கழுவுவதற்குத் தனி இடமும் வேண்டும். நாற்றுமேடையில் ஒரு மூலையை நம் பிள்ளைகளுக்குத் தந்தால் கொன்றைக் கன்று நாங்களே போடுவோம். தலைவர்மார் இதில் கையெழுத்து வைக்க வேண்டும். கட்சி பார்க்காமல் வையுங்கள், பூச்சிக்குச் சந்தா கிடையாது.

கையுறை விஷயத்தில் துரை "அடுத்த மாதம்" என்று சொன்னால், எந்த மாதம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கேள்வி உள்ளவர்கள் இப்போதே கேளுங்கள், படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் அந்தப் பின்வரிசை அண்ணன்.